பெட்டிக்குள் இருந்த பழம் பந்து
பேஸ்போல் நினைவுப் பொருள்களைத் தேடித் திரட்டுவோர் கதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயோர்க் மாநிலத்திலே, கூப்பர்ஸ்டவுன் என்றொரு சிற்றூர் உண்டு. 1934ஆம் ஆண்டில் அவ்வூருக்கு அண்மையிலுள்ள பண்ணை வீடொன்றிலே, தூசி படிந்த பழைய பெட்டியொன்று கண்டெடுக்கப்பட்டது. அதனுள்ளே, கையினால் தைக்கப்பட்டு, துணி அடைக்கப்பட்டு, தையல் பிரிந்து கிடந்த சிறிய பந்தொன்றும் இருந்தது. வேறெங்காவது இருந்திருந்தால் அது குப்பைக் குழிக்குத்தான் போயிருக்கும். ஆனால் அவ்வூர்ச் செல்வரான ஸ்டீவன் கிளார்க் என்பவர் 5 டொலர் கொடுத்து அதனை வாங்கினார். மக்கள் பார்வைக்கும் வைத்தார். அந்தப் பந்தோடு தொடங்கிய சிறு காட்சியே வளர்ந்து, 1939ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி, பேஸ்போல் விளையாட்டுக்குரிய தேசிய நூதனசாலையாகத் திறந்துவைக்கப்பட்டது.

இந்தப் பந்துக்கு அத்தனை மதிப்பு எதனால் வந்தது? 1839ஆம் ஆண்டிலே ஆப்னர் டபிள்டே என்பவர் கூப்பர்ஸ்டவுனில் இவ்விளையாட்டைக் கண்டுபிடித்தார் என்று 1907ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்வுக்குழு முடிவு கூறியிருந்தது. முதியவர் ஒருவரின் நினைவை நம்பியே அக்குழு அவ்வாறு கூறிற்று. பெட்டியில் அகப்பட்ட பந்து அந்த முதியவருடையதென்று கருதப்பட்டது. ஆகவே அது ஆதிப் பந்தாகிவிட்டது.

ஆனால் சரித்திர ஆசிரியர்கள் ஆராய்ந்து பார்த்தபோது கதை நிலைக்கவில்லை. 1839ஆம் ஆண்டில் டபிள்டே வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். பேஸ்போல் ஒருவர் ஒரு நாளிலே கண்டுபிடித்த விளையாட்டன்று. இங்கிலாந்திலிருந்து வந்த பழைய பந்தாட்டங்களிலிருந்து படிப்படியாக வளர்ந்தது. பந்து உண்மையான பழம் பந்துதான். அதன்மேல் ஏற்றப்பட்ட கதையே பொய்!

பழம் பொருள் சேர்ப்போர் யாவருக்கும் இந்தப் பந்து ஒரு பாடம். பொருள் வேறு, பொருளைப் பற்றிய கதை வேறு. இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே சேகரிப்புக் கலையின் உயிர். அக்கலையிலே சிறந்தவர்களையும் சறுக்கியவர்களையும் பற்றி இன்று நாம் சிறிது கூற விரும்புகிறோம்.

சிகரெட் பெட்டியிலிருந்து வந்த செல்வம்

ஒரு புறத்துக்கு ஒன்பது பேராக ஆடும் பேஸ்போல், கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவுடைய விளையாட்டு. அமெரிக்காவில் 1869ஆம் ஆண்டிலே சின்சினாட்டி நகரத்து அணியொன்று, தன் வீரர்களுக்கெல்லாம் சம்பளம் கொடுத்து வெளிப்படையாக ஆடத் தொடங்கிற்று. அதன்பின் ஊருக்கோர் அணி, அணிக்கோர் இரசிகர் கூட்டம் என்று விளையாட்டுப் பரவியது. வீரர்களின் உருவங்களை அச்சிட்ட சிறு அட்டைகளைச் சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுத்தால் விற்பனை பெருகும் என்று புகையிலை வியாபாரிகள் கண்டுகொண்டனர். மெல்லிய பெட்டி நசுங்காமலிருக்கவும் அந்த அட்டை உதவிற்று.

1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பனி வெளியிட்ட வரிசை ஒன்று இவற்றுள் மிகப் பிரசித்தமானது. அதிலே பிட்ஸ்பேர்க் பைரட்ஸ் அணியின் ஹோனஸ் வாக்னர் என்னும் பெருவீரரின் அட்டையும் இருந்தது. ஆனால் சொற்பமே வெளிவந்த நிலையில் அவ்வட்டை நிறுத்தப்பட்டது. தமது படத்துக்காகச் சிறுவர்கள் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். தமக்குரிய பணம் கிடைக்காமையே காரணம் என்பர் வேறு சிலர். வாக்னரும் புகையிலை மென்றவர்தாம். ஆதலால் இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. எஞ்சியுள்ளவை ஏறக்குறைய அறுபதே என்று கூறப்படுகிறது. அவற்றுள் ஒன்று 2022ஆம் ஆண்டில் 72½ இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

புகையிலைக்குப் பின் சூயிங்கம் வந்தது. 1933ஆம் ஆண்டில் கௌடி கம்பனியும், 1948இல் போமன் கம்பனியும், 1950க்குப் பின் டொப்ஸ் கம்பனியும் இனிப்போடு படங்களை விற்றன. சிறுவர்கள் அவற்றைச் சுவரோரம் எறிந்து விளையாடினர். சைக்கிள் கம்பிகளிலே செருகிச் சத்தம் எழுப்பினர். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் சென்றதும் தாய்மார் அறையைக் கூட்டித் துப்புரவாக்கி எல்லாவற்றையும் எறிந்தனர். டொப்ஸ் கம்பனியாரோ, 1952ஆம் ஆண்டின் விற்காத அட்டைகளைப் பெட்டி பெட்டியாகப் படகிலேற்றி, 1960ஆம் ஆண்டளவில் அத்திலாந்திக் சமுத்திரத்திலே கொட்டிவிட்டனர்! அந்த வரிசையைச் சேர்ந்த மிக்கி மான்ரில் என்ற வீரரின் அட்டையொன்று 2022ஆம் ஆண்டில் 1 கோடி 26 இலட்சம் டொலர் பெற்றது. எல்லோரும் பேணியிருந்தால் இந்த விலை வந்திராது. பலர் எறிந்ததனாலேயே சிலரிடம் எஞ்சியது பொன்னாயிற்று.

பணம் நாடாத பெரியார்

இத்துறையின் தந்தை எனப்படுபவர் செல்வரல்லர். அவர் பெயர் ஜெபர்சன் பேர்டிக். நியூயோர்க் மாநிலத்து சிரக்கியூஸ் நகரிலே மின்சாரச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையிற் பணிபுரிந்தவர், மணம் செய்துகொள்ளாதவர், மூட்டுவாதத்தினால் வருந்தியவர். பேஸ்போல் அட்டைகள் மாத்திரமன்றி, வாழ்த்து அட்டைகள், விளம்பரத் தாள்கள், தபாலட்டைகள் என அச்சிட்ட சிறு படங்கள் எல்லாவற்றையும் அவர் சேர்த்தார். சாதாரண மக்கள் கையிலெடுத்துப் பார்த்து எறிந்த தாள்களிலேதான் ஒரு காலத்தின் வாழ்க்கை தெரிகிறது என்பது அவர் கருத்து.

அவருக்கு முன்னர் இவ்வட்டைகளுக்கு ஒழுங்கான பெயர்கூட இல்லை. 1939ஆம் ஆண்டிலே அவர் ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார். புகையிலை அட்டைகளுக்கு ஓர் எழுத்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண் என்று வகுத்தார். வாக்னரின் அட்டை உள்ள வரிசை இன்றும் அவர் இட்ட ‘டீ 206’ என்னும் குறியீட்டினாலேயே வழங்கப்படுகிறது.

தமது சேகரிப்பு முழுவதையும் அவர் நியூயோர்க்கிலுள்ள மெட்ரோபொலிற்றன் கலைக்கூடத்துக்கு நன்கொடையாக ஈந்தார். 3 இலட்சத்துக்கு மேற்பட்ட தாள்கள்! அவற்றுள் 30,000க்கு மேற்பட்டவை பேஸ்போல் அட்டைகள். 1947ஆம் ஆண்டிலே தொடங்கிய அப்பணியை முடிப்பதற்காக, இறுதி ஆண்டுகளில் நியூயோர்க்குக்கே குடிபெயர்ந்தார். நோயினால் விரல்கள் மடங்கிய நிலையிலும், கலைக்கூடத்து மேசையொன்றிலே அமர்ந்து, அட்டைகளை ஏடுகளில் ஒட்டினார். 1963ஆம் ஆண்டு சனவரியிலே வேலை முடிந்தது. மார்ச்சு மாதத்திலே அவர் உயிர் நீத்தார். அவர் கொடுத்தவற்றுள் வாக்னரின் அட்டையும் ஒன்று. அதனை விற்றிருந்தால் தமக்கு என்ன கிடைக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சட்டை சொல்லும் சரித்திரம்

அட்டைகளுக்கு அடுத்தபடியாகத் தேடப்படுபவை அணிகளின் பொருள்கள்: வீரர் உடுத்த சட்டைகள், மட்டைகள், கையுறைகள், நுழைவுச் சீட்டுகள், குழுப் படங்கள். இவற்றுள் சட்டைகள் மிக அரியவை. முற்காலத்தில் அணிகள் பழைய சட்டைகளைப் பெட்டியிற் பூட்டி வைப்பதில்லை. ஓராண்டு உடுத்தவற்றைத் தமக்குக் கீழுள்ள சிறிய அணிகளுக்கு அனுப்பிவிடும். அங்கே அவை கிழியும்வரை உடுக்கப்பட்டன.

எஞ்சிய ஒரு சட்டை எக்காலத்தது என்று அறிவது எப்படி? மாணவர்களுக்கு இது சுவையான விஷயம். துணியை முதலிற் பார்க்க வேண்டும். பழைய சட்டைகள் கம்பளி நூல் கலந்த கனமான துணியாலானவை. 1970ஆம் ஆண்டிலே பிட்ஸ்பேர்க் அணி செயற்கை நூற் பின்னல் சட்டையை உடுத்த பின்னர் கம்பளி மறைந்தது. அடுத்தது முதுகு. 1929ஆம் ஆண்டில் நியூயோர்க் யாங்கீஸ் அணி முதுகில் நிரந்தர எண்களை இட்டது. மட்டை பிடிக்கும் வரிசைப்படி அவை வழங்கப்பட்டமையால் பேப் ரூத்துக்கு 3, லூ கேரிக்குக்கு 4. வீரரின் பெயரை முதுகில் எழுதும் வழக்கத்தை 1960ஆம் ஆண்டில் சிக்காகோ அணியொன்று தொடங்கிற்று. பிறகு கைப்புறம். 1939ஆம் ஆண்டிலே பேஸ்போலின் நூற்றாண்டு என்று கொண்டாடி, பெரிய அணிகள் யாவும் அதற்குரிய சின்னத்தைத் தைத்துக்கொண்டன. டபிள்டே கதை பொய்யென்றாலும், அதனாற் பிறந்த சின்னம் இன்று சட்டையின் ஆண்டைச் சரியாகக் காட்டுகிறது!

ஆனால் இவை எல்லாம் பொருந்தினாலும் போதாது. அக்காலப் புகைப்படங்களை எடுத்து, எழுத்துத் தைத்த இடம், கோடு வளைந்த விதம் ஆகியவற்றைச் சட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். எந்த இரு சட்டைகளும் ஒரே விதமாகத் தைக்கப்படுவதில்லை அன்றோ? 1932ஆம் ஆண்டு, சிக்காகோவில் நடந்த இறுதிச் சுற்று ஆட்டத்தில், பேப் ரூத் கையை நீட்டிக் காட்டிவிட்டு அந்தத் திசையிலேயே பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தார் என்பது புகழ்பெற்ற கதை. அன்று அவர் உடுத்தது என இவ்வாறு ஒப்பிட்டு நிறுவப்பட்ட சட்டை 2024ஆம் ஆண்டில் 2 கோடி 41 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. 2005ஆம் ஆண்டில் அதன் விலை 9 இலட்சத்து 40 ஆயிரமே. சட்டை மெய், ஆனால் ரூத் உண்மையில் திசையைக் காட்டினாரா, எதிரணியை ஏசிக் கையை அசைத்தாரா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

பொய்க் கையொப்பங்கள்

பணம் புகுந்த இடத்தில் வஞ்சகமும் புகுவது உலக வழக்கம். 1990களிலே பேஸ்போல் வீரர்களின் கையொப்பங்களைப் பொய்யாக இட்டு விற்ற கூட்டமொன்றை அமெரிக்கத் துப்பறியும் இலாகாவினர் வளைத்துப் பிடித்தனர். மறைந்த வீரர்களின் பெயரைப் பழைய பந்துகளிலே எழுதி, பந்துக்கு நிறம் ஏற்றி, மூப்பு வருவித்து விற்றார்கள். அவர்களுடைய கைவரிசை அகப்பட்டதில் ஒரு விநோதம் உண்டு: அன்னை தெரேசா கையொப்பமிட்ட பேஸ்போல் பந்துகள்! இதன் பின்னர், 2001ஆம் ஆண்டிலிருந்து, பெரிய அணிகளின் ஆட்டங்களிலே சாட்சிகளை அமர்த்தி, பொருள் களத்தைவிட்டு வரும்போதே முத்திரை ஒட்டும் முறை ஏற்பட்டது. அச்சாட்சிகளிற் பலர் பொலிஸ் சேவையிலிருந்தவர்கள்.

அட்டைகளும் தப்பவில்லை. வாக்னர் அட்டைகளுள் மிக அழகியது எனப் புகழ்பெற்ற ஒன்றை, 1991ஆம் ஆண்டில், பனி ஹொக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கியும் கூட்டாளி ஒருவரும் 4 இலட்சத்து 51 ஆயிரம் டொலருக்கு வாங்கினர். 2007ஆம் ஆண்டில் அது 28 இலட்சம் டொலர் பெற்றது. அதன் ஓரங்கள் நூறாண்டு சென்றும் இத்தனை கூர்மையாக இருப்பதெப்படி என்று சிலர் ஐயுற்றனர். அந்த அட்டையை முன்னர் விற்ற ஏலக்காரர், அதன் ஓரத்தைத் தாம் வெட்டியதாக 2013ஆம் ஆண்டிலே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

சேர்ப்பார் இன்றி மறைந்தவை

இதுவரை கூறியவை எஞ்சிய பொருள்களின் கதை. எஞ்சாதவற்றுக்கும் ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கறுப்பின வீரர்கள் பெரிய அணிகளிற் சேர்க்கப்படவில்லை. எழுதாத சட்டமாக அந்த அநீதி நிலவிற்று. 1920ஆம் ஆண்டிலே ரூப் பொஸ்டர் என்பவர் கன்சாஸ் நகரிற் கூடிய கூட்டத்திலே கறுப்பின அணிகளுக்கென்று தனிச் சங்கத்தை நிறுவினார். கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸ், ஹோம்ஸ்டெட் கிரேய்ஸ் போன்ற அணிகள் ஊர் ஊராகப் பஸ்ஸிலே சென்று ஆடின. உணவுச்சாலைகளும் விடுதிகளும் இடங்கொடாத இரவுகள் பல.

இவ்வீரர்களைப் புகையிலைக் கம்பனியும் சூயிங்கம் கம்பனியும் அட்டைகளில் அச்சிடவில்லை. அணிகளிடமோ பணமில்லை, சட்டைகள் நைந்து கிழிந்தன. 1947ஆம் ஆண்டு ஏப்ரில் 15ஆந் திகதி ஜக்கி றொபின்சன் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி அந்தத் தடையை உடைத்தார். நல்லதே நடந்தது, ஆனால் சிறந்த வீரர்கள் பெரிய அணிகளுக்குச் செல்ல, பழைய அணிகள் ஒவ்வொன்றாய்க் கலைந்தன. கன்சாஸ் நகரில் 1990ஆம் ஆண்டு அவற்றுக்கென ஒரு நூதனசாலை நிறுவப்பட்டபோது, ஒரு குழுப் படமும் ஒரு விளம்பரத் தாளும் ஒரு நுழைவுச் சீட்டுத் துண்டுங்கூட அரும்பொருளாகவே தோன்றின.

2024ஆம் ஆண்டிலே அவ்வணிகளின் ஆட்டக் கணக்குகள் பெரிய அணிகளின் கணக்கோடு சேர்க்கப்பட்டன. வாழ்நாள் அடிச் சராசரியிலே முதலிடம் அன்று ஜொஷ் கிப்சன் என்னும் கறுப்பின வீரருக்குக் கிடைத்தது. அவர் இறந்ததோ 1947ஆம் ஆண்டில். பல ஆண்டுகளாகப் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, ஆட்ட விவரங்களை ஒவ்வொன்றாய்ப் பெயர்த்தெழுதிய பொறுமைசாலிகள் இல்லாவிடில் இது நடந்திராது. அவர்கள் திரட்டியது பொருளன்று, சான்று. அதுவும் சேகரிப்பே; ஒருவகையில் அதுவே தலைசிறந்த சேகரிப்பு.

இளம் வாசகர்களுக்கு

சேகரிக்கும் ஆசை பள்ளிப் பருவத்திலேயே அரும்புவது. முத்திரையோ, நாணயமோ, விளையாட்டுப் படமோ, எதுவாயினும் ஆகட்டும். மூன்று விஷயங்களை நினைவிற் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். கிடைத்த பொருளைத் திருத்தவோ வெட்டவோ வேண்டாம். அது யாருடையது, எங்கே, எந்நாளிற் கிடைத்தது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். தெரியாததைத் தெரிந்ததாக எழுதாதீர்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையின் அலமாரியைத் துப்புரவாக்குமுன் பிள்ளையை ஒருமுறை கேளுங்கள்.

கூப்பர்ஸ்டவுன் பந்தை அந்த நூதனசாலை இன்றும் பேணி வருகிறது. அதுதான் முதற்பந்து என்று எவரும் இப்போது சாதிப்பதில்லை. யாரோ ஒரு சிறுவன் கையாற் தைத்து, பசும்புல் தரையிலே அடித்து விளையாடிய பந்து அது. அவ்வளவே உண்மை. அந்த உண்மைக்கே 5 டொலரும் தகும், ஒரு கண்ணாடிப் பேழையும் தகும்.