பூப்பும் தூய்மையும்

பெண்மக்களின் பருவங்களை நம் முன்னோர் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழெனப் பகுத்தனர். அவற்றுள் 8 முதல் 11 வயது வரையுள்ள காலம் பெதும்பைப் பருவம். பூப்பு பெரும்பாலும் அதனை அடுத்த மங்கைப் பருவத்தில், 12, 13 வயதில் நிகழும். எனினும் 9, 10 வயதிலேயே பூப்பெய்துவாரும் உளர். அவர்கள் தொடக்கப்பள்ளியில் பயிலும் சிறுமியர். பூப்பினைப் பற்றிய பாடமோ மேல்வகுப்புகளிலேதான் வருகின்றது. ஆடையிற் குருதிக்கறை கண்டு, தீராப்பிணி ஏதோ வந்துற்றதென அஞ்சி அழும் சிறுமிக்கு அப்பாடம் பயிர் வாடியபின் பெய்யும் மழையே ஆகும்.

அஞ்சுவதற்கு இதில் ஏதுமில்லை. கருப்பையின் உட்புறத்தில் திங்கள்தோறும் மெல்லிய உறை ஒன்று தடித்து வளர்கின்றது. கரு வந்து தங்குமாயின் அதனைத் தாங்குதற்கு அமைந்த மெத்தை அது. கரு தங்காதபோது அவ்வுறை கழன்று குருதியோடு வெளிப்படுகின்றது. இதுவே மாதவிடாய். ஏறத்தாழ 28 நாளுக்கு ஒருமுறை வரும். 3 முதல் 7 நாள் வரை நீடிக்கும். முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் நாட்கணக்கு முன்பின்னாதல் இயல்பே. இக்குருதியைத் தீட்டென்று ஒதுக்கியது வழக்கமேயன்றி உடல்நூல் கண்ட உண்மையன்று.

இனித் தூய்மையைக் காண்போம். வீட்டிலுள்ள பழந்துணியைப் பயன்படுத்துதல் குற்றமன்று. நன்கு துவைத்த பருத்தித்துணி குருதியை உறிஞ்ச வல்லது. குற்றம் அதனை உலர்த்தும் இடத்திலேயே உள்ளது. பிறர் கண்ணிற் படலாகாதென நாணி, கூரையின் இறவாணத்தில் செருகியும், கட்டிலின் அடியில் விரித்தும், மற்றோர் ஆடையினுள் பொதிந்தும் அதனை உலர்த்துவர். வெயிலும் காற்றும் படாத அத்துணியில் ஈரம் வற்றுவதில்லை. ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. மறுதிங்கள் அத்துணியையே அணியுங்கால் அரிப்பும் புண்ணும் உண்டாகின்றன. முதலில் குளிர்ந்த நீரில் அலசி, சோப்பிட்டுத் துவைத்து, உச்சிவெயிலில் உலர்த்துதல் வேண்டும். வீட்டார் துணியெல்லாம் கொடியில் அசைந்தாட, இவ்வொரு துணிக்கு மட்டும் அங்கே இடமில்லாது போனது என்ன நீதியோ!

இந்த மறைப்பே ஒருவரைச் சிந்திக்க வைத்தது. கோயம்புத்தூரைச் சார்ந்த அருணாசலம் முருகானந்தம் பள்ளிப்படிப்பை இடையில் விட்டுப் பட்டறைத்தொழில் புரிந்தவர். 1998இல் அவர், தம் மனைவியார் கந்தைத்துணியொன்றைப் பின்புறம் மறைத்துச் செல்வதைக் கண்டு வினவினார். கடையில் அணையாடை வாங்கினால் வீட்டிற்குப் பால் வாங்கப் பணம் இராது என்பதே அம்மையாரின் விடை. அன்று தொட்டு மலிவான அணையாடை செய்ய முயன்றார். பஞ்சினால் செய்தது பயன்படவில்லை. அணிந்து பார்த்துக் குறை கூறப் பெண்டிர் நாணினர். ஆதலின் ஆட்டுக்குருதி நிரப்பிய பந்துப்பை ஒன்றை இடையில் கட்டிக்கொண்டு, தாமே அணையாடையை அணிந்து சோதித்தார். ஊரார் அவரைப் பித்தர் என்றனர். உறிஞ்சும் பொருள் வெறும் பஞ்சன்று, மரக்கூழிலிருந்து எடுக்கும் நாரே என்பதனைப் பின்னரே அறிந்தார். அந்நாரைக்கொண்டு மகளிர் குழுவினர் தாமே அணையாடை செய்யத்தக்க சிறு பொறியை அமைத்தார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. தமிழக அரசும் 2011இல் அறிவித்த 'புது யுகம்' திட்டத்தின் வாயிலாக ஊர்ப்புறச் சிறுமியர்க்கு அணையாடைகளை விலையின்றி வழங்கலாயிற்று.

அணையாடை கிடைத்தால் மட்டும் போதுமா? துணியாயினும் அணையாடையாயினும் 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். மாற்றுமுன்னும் பின்னும் கைகளைக் கழுவுதல் வேண்டும். பயன்படுத்திய அணையாடையைத் தாளில் சுற்றித் தொட்டியில் இடவேண்டுமேயன்றிக் கழிப்பறைக் குழியில் எறிதல் கூடாது. எறியின் குழாய் அடைபடும். காலையில் பள்ளிக்கு வரும் சிறுமி மாலையிலேயே வீடு திரும்புகின்றாள். இடையில் ஒருமுறையேனும் பள்ளியில் மாற்றியாக வேண்டும். தாழ்ப்பாளற்ற கதவும் நீரற்ற குழாயும் உள்ள இடத்தில் அவள் என் செய்வாள்? நனைந்ததனையே நாள்முழுதும் அணிந்திருப்பாள். அன்றேல் அந்நாட்களில் பள்ளிக்கே வாராள். தாழ்ப்பாளும், வாளி நிறைய நீரும், மூடியுள்ள தொட்டியும் அமைந்த பள்ளியிலோ, ஐந்தாம் வகுப்புச் சிறுமி இடைவேளையிற் சென்று மாற்றிக்கொண்டு, மணி அடிக்குமுன் தன் இடத்தில் வந்து அமர்வாள்.