கடலுக்குக் கடல் மாறும் வைரஸ்

கழுத்திலும் கண்ணோரத்திலும் கொத்துக் கொத்தாகக் கட்டி தொங்கும் ஆமைப் படம் ஒன்று கைப்பேசிகளில் சுற்றுகிறது. அதை அனுப்பி, “நம்ம பேராமைக்கும் இது வருமா? மனுஷனுக்கு ஒட்டுமா?” என்று கேட்டிருக்கிறார் தூத்துக்குடி தெரேஸ்புரத்து வாசகர் ஒருவர்.

மனிதருக்கு ஒட்டியதாகப் பதிவே இல்லை. பேராமைக்குத்தான் இது உலகெங்கும் அதிகம் வருகிறது. கட்டி பெரும்பாலும் சாதுவானதுதான். ஆனால் கண்ணை மறைத்துவிட்டால் கடற்புல் எங்கே என்று தெரியாமல் ஆமை பட்டினி கிடந்து சாகும். நோயின் பெயர் ஃபைப்ரோபாபிலோமாடோசிஸ். 1938இல் நியூயார்க் மீன் காட்சியகத்துப் பேராமை ஒன்றைப் பார்த்து முதலில் எழுதினார்கள். கட்டிகளில் தவறாமல் காணப்படுவது ஒரு ஹெர்பிஸ் வைரஸ். நம் உதட்டில் கொப்புளம் போடுகிறதே, அதற்குத் தூரத்து உறவு. ஆமையின் தோலில் ஒட்டும் சிறு அட்டைதான் இதைப் பரப்புகிறது என்று சந்தேகம். ஹவாயில் சில அட்டைகளுக்குள் வைரஸ் மரபணுவின் பிரதிகள் கோடிக்கணக்கில் இருந்தன.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதன் வம்சாவளி. பேராமைக்கு ஒரு ரகம், பெருந்தலை ஆமைக்கு இன்னொரு ரகம் என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படியில்லை. ஃபுளோரிடாவில் இரண்டுக்கும் ஒரே ரகம் இருக்கிறது. அதே பேராமை ஹவாயில் வேறு ரகத்தைச் சுமக்கிறது. குஞ்சுகள் ஆழ்கடலில் சில வருஷம் திரிந்துவிட்டு, கரையோர மேய்ச்சலுக்கு வந்த பிறகே அந்தந்த இடத்து வைரஸைப் பிடித்துக்கொள்கின்றன என்பதுதான் பொருத்தமான விளக்கம். எங்கள் வீட்டுக் கதையும் இதுதான்: நாங்கள் மதுரைக்காரர்கள், பிள்ளைகள் பேசுவதோ சுத்தத் தூத்துக்குடித் தமிழ். தெருவில் ஒட்டிக்கொண்டது.

இந்த ரகங்கள் பிரிந்து வெகுகாலம் ஆகிறது என்று மரபணு காட்டுகிறது. 1980களில் நோய் திடீரென்று பெருகியதே, அதற்குப் புதிதாய்ப் பிறந்த வைரஸைக் காரணம் சொல்ல முடியாது. மாறியது தண்ணீர் என்று சந்தேகிக்கிறார்கள். ஃபுளோரிடாவில் கழிவு தேங்கும் உப்பங்கழியில் மேய்ந்த பேராமைகளில் ஏறக்குறையப் பாதிக்குக் கட்டி இருந்தது. பக்கத்திலேயே திறந்த கடல் பாறைகளில் மேய்ந்தவற்றில் மிகக் குறைவு.

இதைப் படிக்கும்போது தூத்துக்குடிப் பக்கிள் ஓடை ஞாபகம் வராமல் இருக்குமா? ஊர்ச் சாக்கடையை அதன் வழியே கடலில் விட்டோம்; அனல்மின் நிலையச் சாம்பலையும் விட்டோம். வான்தீவு, காரைச்சல்லித் தீவுப் பக்கம் பேராமை மேயும் புல்லும் அதே கடலில்தான் இருக்கிறது. இதே கடலில் முத்துக்குளிப்பு 1961இல் நின்றபோதும் நாம் பெரிதாய் அலட்டிக்கொள்ளவில்லை. ஒருகாலத்தில் ஆமை ரத்தத்தை மருந்தென்று குடித்த ஊர் இது. சட்டம் வந்து அதை நிறுத்தியது. சாக்கடைக்கும் சட்டம் உண்டு, கேட்க ஆளில்லை.

இன்னொரு ஆதங்கம். செத்துக் கரை ஒதுங்கும் ஆமையை நாடா பிடித்து அளந்து, பெரும்பாலும் மணலில் புதைத்துவிடுகிறோம். புதைப்பதற்கு முன் கட்டி இருந்தால் அதிலிருந்து நகக்கண் அளவு வெட்டி, ஆல்கஹால் குப்பியில் போட்டு, தேதியும் இடமும் எழுதி ஒட்டினால் போதும். மன்னார் வளைகுடா வைரஸ் எந்த ரகம் என்று சொல்ல ஆய்வகத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.