மலையைத் துண்டு போடும் கணக்கு

1

'நம்ம ஊர்ல மலை ஏது? மலையில ரோடு போட்டா நமக்கென்ன வந்தது?' கீரப்பாளையம் டீக்கடையில் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வீராணம் ஏரிக்கரையில் ஏறி நின்று பார்த்தாலும் வயலும் வானமும்தான் தெரியும். ஆனால் புவனகிரிப் பாலத்துக்குக் கீழே ஓடும் வெள்ளாறு சேலம் மாவட்டத்து மலைகளிலிருந்து வருகிறது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் அதில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகின்றன. அந்தப் பக்கம் கடலூரில் தென்பெண்ணை. சேர்வராயன் மலையின் வாணியாறு அரூர் வழியாகப் போய் அதில்தான் விழுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டபோது கடலூர்வரை ஊர்கள் மூழ்கின. மேலே பெய்த மழைக்குக் கீழே வீட்டைக் காலி செய்தவர்கள் நாம்.

ஆக மலை என்பது 'அங்கே' இருப்பதல்ல. அதன் நீரும் மண்ணும் நம் வாசல்வரை நீண்டு கிடக்கின்றன. மலைச்சாலைத் திட்டங்களுக்குச் செய்யப்படும் 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' என்கிற சடங்கைப் பற்றிப் பேசும்போது இந்தத் தொடர்ச்சியைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பொக்லைன் வந்து மலையை வெட்டுவதற்கு முன்பே காகிதத்தில் மலை வெட்டப்பட்டுவிடுகிறது. அந்த முதல் வெட்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

2

முதலில் கொஞ்சம் கணக்கு. களத்தில் குவித்த நெல் அம்பாரத்தின் அடியில் ஒரு மரக்கால் நெல்லை அள்ளினால் என்ன ஆகும்? மேலே இருக்கிற நெல் சரிந்துவந்து, தனக்கான சாய்வைத் திரும்பத் தேடிக்கொள்ளும். மலைச்சரிவும் அப்படித்தான். சாலைக்காக அடிவாரத்தை வெட்டும்போது மேலே உள்ள சரிவு தன் தாங்கலை இழக்கிறது. நெல்லுக்கும் மலைக்கும் ஒரே வித்தியாசம், நெல் உடனே சரியும். மலை சில வேளை பல மழைக்காலம் காத்திருந்து சரியும். அதற்குள் ஒப்பந்தக்காரர் பில் வாங்கிப் போயிருப்பார்.

அகலத்தின் கணக்கு இன்னும் முக்கியம். முப்பது பாகைச் சாய்வுள்ள ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். சாலை முழுவதையும் மலையைக் குடைந்தே போடுகிறோம், உள்பக்கச் சுவரைச் செங்குத்தாக வெட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 5.5 மீட்டர் அகலத்துக்கு வெட்டுச்சுவரின் உயரம் 3.2 மீட்டர் வரும். ஒரு கிலோமீட்டருக்கு வெட்டியெடுக்கும் மண்ணும் பாறையும் சுமார் 8,700 கனமீட்டர். அகலத்தை 10 மீட்டராக்கினால் சுவர் 5.8 மீட்டர், மண் 28,900 கனமீட்டர். அகலம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வெட்டோ மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. சமவெளியில் அகலம் கூடினால் செலவு அதே விகிதத்தில் கூடும். மலையில் அகலத்தின் வர்க்கமாகக் கூடும். 'இன்னும் நாலு மீட்டர்தானே சார்' என்று பொறியாளர் சொல்வதில் ஒளிந்திருப்பது இதுதான்.

வெட்டிய மண் எங்கே போகும்? ஒழுங்காக ஓரிடத்தில் கொட்டி, தடுப்புச்சுவர் கட்டி, செடி வளர்க்க வேண்டும். டீசல் செலவு மிச்சம் என்று சாலை விளிம்பிலிருந்து அப்படியே கீழே தள்ளிவிட்டால், சரிவில் இருக்கிற மரம் சாகும், ஓடை அடைபடும், ஆற்றின் படுகை மேடாகும். நீர் மூன்றாவது பிரச்சினை. மலையில் பெய்யும் மழை நூறு சின்ன வழிகளில் இறங்குகிறது. சாலை அவற்றைக் குறுக்கே மறித்து, பக்கவாய்க்காலில் திரட்டி, பத்துச் சிறுபாலங்கள் வழியாக வெளியே விடுகிறது. நூறு வழியில் மெதுவாக இறங்கிய நீர் பத்து வழியில் வேகமாக இறங்கும்போது அந்தப் பத்து இடங்களும் அரித்துப் பள்ளமாகின்றன. வெட்டிய சுவருக்குள் ஊறி நிற்கும் நீரோ மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது.

நீலகிரியில் 2009 நவம்பர் மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சாலைகள் துண்டிக்கப்பட்டன. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தின் சிரூரில் 2024 ஜூலை 16 அன்று அகலப்படுத்தப்பட்ட 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மேல் குன்று சரிந்தது. சாலையோரத்தில் டீக்கடை நடத்திய ஒரு குடும்பமும், வண்டியை நிறுத்தி டீ குடிக்க இறங்கியவர்களும் கங்காவளி ஆற்றுக்குள் போனார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்களும் உண்டு. இந்த இரண்டையும் 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதுகிற மொழியைச் சந்தேகிக்க வேண்டும். மழை இயற்கைதான். குன்றின் அடியை வெட்டியது யார்?

3

இதையெல்லாம் முன்கூட்டியே எடைபோட்டுப் பார்க்கத்தான் தாக்க மதிப்பீடு என்ற முறை வந்தது. அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் அதற்கு முதல் வடிவம் கொடுத்தது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1994 ஜனவரியில் அறிவிக்கை வந்தது. 1997இல் மக்கள் கருத்துக்கேட்பு சேர்க்கப்பட்டது. இப்போதுள்ளது 2006 செப்டம்பர் அறிவிக்கை, பல திருத்தங்களோடு.

இந்த மதிப்பீட்டறிக்கையை ஒரு பிரதியாக வாசித்தால் முதலில் கண்ணில் படுவது அதன் ஆசிரியர். திட்டத்தைக் கொண்டுவருகிறவரே ஆலோசனை நிறுவனத்தை அமர்த்திக் காசு கொடுக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் செலவில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. அடுத்தது மொழி. சுருக்கம் தமிழில் கிடைக்கும். சரிவு, நீர், மண் பற்றிய விவரமெல்லாம் தடிமனான ஆங்கில அறிக்கைக்குள். நிலம் கொடுப்பவருக்குச் சுருக்கம், நிலம் எடுப்பவருக்கு முழுமை! மூன்றாவதாக, இந்தப் பிரதி முழுமையைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு துண்டுகளையே உற்பத்தி செய்கிறது. மூன்று விதமான துண்டாடல்களைச் சொல்லலாம்.

ஒன்று, நீளத்தைத் துண்டாடுவது. 2006 அறிவிக்கையில் 30 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையை அகலப்படுத்தினால், வேறு சில நிபந்தனைகளோடு, அனுமதி தேவைப்பட்டது. 2013 ஆகஸ்டில் அதை 100 கிலோமீட்டர் ஆக்கினார்கள். 2016 டிசம்பரில் உத்தராகண்டில் தொடங்கிய சார்தாம் சாலைத் திட்டம் ஏறத்தாழ 889 கிலோமீட்டர். அதை 53 தனித்தனிப் பணிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் நூறுக்குள். ஆகவே முழுத் திட்டத்துக்கான தாக்க மதிப்பீடு நடக்கவேயில்லை. இமயமலை ஒன்று, காகிதத்தில் ஐம்பத்து மூன்று. வழக்கு உச்சநீதிமன்றம் போனது. 2019 ஆகஸ்டில் ரவி சோப்ரா தலைமையில் உயர்நிலைக் குழு அமைந்தது. குழுவுக்குள் பிளவு அகலத்தைப் பற்றித்தான்: சிறுபான்மையாக நின்ற தலைவர் தரப்பு 5.5 மீட்டர் போதும் என்றது. 2020 செப்டம்பரில் நீதிமன்றம் அதை ஏற்றது. 2021 டிசம்பரில், எல்லைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசு கேட்டதன் பேரில், அகலமான இருவழிச் சாலைக்கு அனுமதி தந்தது. மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில் சோப்ரா பொறுப்பிலிருந்து விலகினார். 2023 நவம்பரில் அதே திட்டத்தின் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே கிடந்ததை நாடே பார்த்தது.

இரண்டு, காலத்தைத் துண்டாடுவது. நம் பக்கத்து உதாரணம் 2018இல் வந்த சேலம் – சென்னை எட்டுவழிச் சாலை. சுமார் 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள். வயல், கிணறு, தென்னந்தோப்பு மட்டுமின்றி மஞ்சவாடிக் கணவாய், ஜருகுமலை, சேர்வராயன் மலைப் பக்கத்துக் காடுகளையும் தொட்ட தடம். மதிப்பீடு முடிவதற்கு முன்பே போலீஸ் காவலோடு வயலில் கல் நட்டார்கள். பிடுங்கியவர்களைக் கைது செய்தார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம், நிலம் எடுக்கும் முதல் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை என்று சொல்லி அதை மாற்றியது. சட்டப்படி எது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிலத்தை முதலில் குறித்துவிட்டு, அப்புறம் 'இந்த வழியாகப் போகலாமா' என்று கேட்டால் அது கேள்வியா? தாலி கட்டியபின் சம்மதம் கேட்கிற கதைதான். மாற்றுத்தடம் பற்றிய அத்தியாயம் அப்போது வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

மூன்று, சாலையை அதன் மண்ணிலிருந்து துண்டாடுவது. நெடுஞ்சாலைக்கு வேண்டிய மண்ணும் கிராவலும் வேறெங்கோ தோண்டப்படுகின்றன. 2020 மார்ச்சில், சாலை போன்ற நீள்வகைத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க முன் அனுமதி தேவையில்லை என்று ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. எவ்வளவு மண், எந்த இடம் என்ற வரம்பே இல்லை. 2024 மார்ச் 21 அன்று உச்சநீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. நடுவில் போன நான்கு வருஷத்து மண்ணை யார் திருப்பித் தருவது?

4

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படியெல்லாம் பேசினால் 'மலைமக்களுக்கு ரோடே வேணாம்கிறியா?' என்பார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேரும் முன் இறந்தது. சாலை இல்லாததால் பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட தாய், பிணத்தைத் தோளில் சுமந்துகொண்டு மலையேறினாள். பிரசவ வேதனையில் இருப்பவளைத் தூளி கட்டித் தூக்கி வருவது நம் மலைகளில் இன்னும் நடக்கிறது. அவர்கள் சாலை கேட்டால் 'காப்புக்காடு, அனுமதி இல்லை' என்பது வழக்கமான பதில்.

ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கிராமசபை பரிந்துரைத்தால், பள்ளி, மருந்தகம், சாலை போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், தரலாம். அப்படியானால் பிரச்சினை சாலையா, சாலை வேண்டாமா என்பதல்ல. மலைக்குப் போகும் சாலைக்கும் மலையைக் கடந்து போகும் சாலைக்கும் 'சாலை' என்கிற ஒரே சொல்லைப் போட்டு மூடுகிற கதையாடல்தான் பிரச்சினை. முன்னது ஜீப்பும் ஆம்புலன்சும் ஏறினால் போதும். மலையின் வளைவோடு வளைந்து போகும். பின்னதற்கு மலை ஒரு தடை, நேரவிரயம். முன்னதைச் சட்டம் சொல்லித் தடுத்துவிட்டு, பின்னதற்குச் சட்டத்தை வளைப்பவர்களிடம்தான் நாம் கேள்வி கேட்கிறோம்.

5

சரி, என்ன செய்யலாம்? தாக்கத்தை 'நிர்வகிப்பது' என்பதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் தவிர்ப்பது, முடியாவிட்டால் குறைப்பது, அதுவும் முடியாதபோது சீர்செய்வது, கடைசியாகத்தான் ஈடுகட்டுவது. நடைமுறையில் இது தலைகீழாகிவிடுகிறது. ஒன்றுக்குப் பத்து மரம் நடுகிறோம் என்ற கடைசி வரியிலிருந்தே பேச்சு தொடங்குகிறது. நம்ம கடலூர்க் கடலோரத்தில் பயிராகிற வெட்டிவேரை வெட்டிய சரிவில் நடுவது நல்ல உத்திதான்; மேல்மண்ணை அது பிடித்துக்கொள்ளும். ஆனால் அடிவாரமே அறுபட்ட குன்றை எந்த வேரும் தாங்காது. வேரைக் காட்டி வெட்டை நியாயப்படுத்த விடக்கூடாது.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்த, ஆட்சியர் அல்லது அவர் அனுப்பும் அதிகாரி தலைமை ஏற்பார். போகிற தோழர்கள் 'எதிர்க்கிறோம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அது ஒரு வரியாகப் பதிவாகி முடிந்துபோகும். பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தச் சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. இது பெரிய திட்டம் ஒன்றின் துண்டா? இருக்கிற சாலையைச் செப்பனிட்டால் போதாதா. அந்த மாற்றை எந்தப் பக்கத்தில் ஆராய்ந்திருக்கிறீர்கள்? அகலம் ஏன் இவ்வளவு? எத்தனை கனமீட்டர் வெட்டு, எந்தச் சர்வே எண்ணில் கொட்டுவீர்கள்? எத்தனை ஓடைகளைக் கடக்கிறது, எத்தனை சிறுபாலம்? எந்த மழைக்காலத்தில் ஆய்வு நடந்தது? கீழே, ஆற்றின் கடைசி ஊர்வரை, என்ன ஆகும்?

அனுமதி கிடைத்தபிறகும் கதை முடிவதில்லை. நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது விதி. அது பொது ஆவணம். கேட்டு வாங்கி, சரிவில் போய் நின்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆள்கள் வேண்டும்.

கடைசிக் கேள்வியைக் கேட்கிற உரிமை மலையடிவாரத்துக்காரருக்கு மட்டும் உரியதல்ல. அறிக்கை, சாலையின் மையக்கோட்டிலிருந்து இவ்வளவு தூரம் என்று ஒரு கோடு போட்டு, அதற்கு வெளியே இருப்பவர்களைப் 'பாதிக்கப்படாதவர்கள்' என்று எழுதிவிடும். ஆறு அந்தக் கோட்டை மதிப்பதில்லை. டீக்கடை நண்பருக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்: மலையில வெட்டுற மண்ணுக்கும் போகிற வழி வெள்ளாறுதான். அந்தக் கூட்டத்துக்கு நாமும் போகணும்.