கருவியின் பெயரையும் எழுதுவோம்

ஆய்வேட்டின் முற்பகுதியிலே நன்றியுரை என்றொரு பக்கம் உண்டு. வழிகாட்டிய பேராசிரியர், நூலகத்தார், பெற்றோர், விடுதித் தோழர் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்கும். எழுதும்போது துணை நின்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை மட்டும் மறைத்து விடுகிறோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், அத்தகைய கருவியைத் தொட்டும் பாராத மாணவர் நம்மிடையே எத்தனை பேர்?

விஞ்ஞான மாணவர்க்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. எந்தக் கருவியால், எந்த அலைநீளத்தில் அளந்தோம் என்று எழுதாத செய்முறைக் குறிப்பைத் தேர்வாளர் ஏற்பாரா? சொற்களைக் கோக்கும் கருவிக்கு இது இன்னும் அதிகமாகவே பொருந்தும். அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துத் தொடுப்பதே அதன் வேலை. ஆதலால் எவரும் எழுதாத கட்டுரையொன்றை, ஆசிரியர் பெயரோடும் ஆண்டோடும் மேற்கோளாக எடுத்துத் தரவும் அது வல்லது!

2023 சனவரியில் நேச்சர் இதழ் விதி வகுத்தது. பொறுப்பேற்க இயலாத கருவி ஆசிரியர் ஆகாது. பயன்படுத்தியதைச் செய்முறைப் பகுதியிலோ நன்றியுரையிலோ குறித்தல் வேண்டும். செய்முறைப் பகுதியே தக்க இடம் என்பேன். இயந்திரம் நம் நன்றிக்குக் காத்து நிற்கவில்லை.

மறைப்பதால் வரும் இடர் நமக்கே மிகுதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள் பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமையை அளப்பவை. புதிதாகக் கோத்த வாசகம் அந்த அளவுகோலில் எளிதில் அகப்படாது. எனவே இயந்திர நடையைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் வேறு கருவிகள் வந்துள்ளன. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதோர் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை அத்தகைய ஏழு கருவிகளிடம் கொடுத்தனர். மனிதர் எழுதிய அவற்றுள் சராசரியாக 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியவை என்றன அவை. எளிய சொற்களால் எழுதியதே குற்றமாயிற்று. வீட்டிலே தமிழும் கடைத்தெருவிலே கன்னடமும் பேசி, ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் மைசூர்த் தமிழ் மாணவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால், பொத்தாம் பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. இதற்கு இந்நகரிலேயே ஒரு சான்று உண்டு. 1905-இல் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் இங்குள்ள கீழ்த்திசை நூலகத்திற்கு ஓர் ஓலைச்சுவடி கொடுத்தார். அதைக் கொண்டே சாமசாஸ்திரி 1909-இல் அர்த்தசாஸ்திரத்தைப் பதிப்பித்தார். கொடுத்தவரையோ ‘தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர்’ என்றே நூல்கள் இன்றும் குறிக்கின்றன. அவ்வளவு சிறு குறிப்பைக் கொண்டு அவரை எங்கே தேடுவது?

ஆகவே இவ்வாறு எழுதலாம்: ‘மூன்றாம் இயலின் ஆங்கில நடையைத் திருத்த இன்ன கருவியை இன்ன மாதத்தில் பயன்படுத்தினேன். அளவுகளும் முடிபுகளும் என்னுடையவை. மேற்கோள்களை மூலத்தோடு ஒப்பிட்டேன்.’ அதற்கு முன் உங்கள் துறையின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கருவியிடம் கேட்ட வினாக்களையும் பழைய வரைவுகளையும் அழித்துவிட வேண்டா. வாய்மொழித் தேர்விலே ஐயம் எழுந்தால் எடுத்துக் காட்டலாம்.