ரேம் வாங்கறதுக்கு முன்னாடி ஆமையைப் பாருங்க

கிளவுட் கம்ப்யூட்டிங் லேப் ஆரம்பிச்ச முதல் வாரமே காட்டுப்பாக்கம், குமணன்சாவடி பக்கம் நம்ம பசங்க தங்கியிருக்கற ரூம்ல எல்லாம் ஒரே புலம்பல்தான். விர்ச்சுவல்பாக்ஸ்ல உபுண்டு போட்டாச்சு, ஆனா மவுஸை நகர்த்தினா கர்சர் அரை செகண்ட் கழிச்சு வருது. விண்டோவை இழுத்தா பின்னாடியே கோடு கோடா வருது. உடனே கிடைக்கற அட்வைஸ்: "எட்டு ஜிபி பத்தாது மச்சி, ரேம் போடு." அதை நம்பி வீட்டுக்குப் போன் பண்ணி பணம் கேக்கறதுக்கு முன்னாடி இந்தக் கட்டுரையைப் படிங்க. பெரும்பாலும் பிரச்சினை ரேம்ல இருக்காது.

ஏன் நமக்கு மட்டும் இப்படி?

அண்ணா பல்கலைக்கழகத்தோட 2017 ரெகுலேஷன்ல வந்த கிளவுட் கம்ப்யூட்டிங் லேப் (சிஎஸ் 8711) சிலபஸை எடுத்துப் பாருங்க. முதல் எக்ஸர்சைஸே, விண்டோஸ் 7 அல்லது 8 மேல விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ போட்டு அதுக்குள்ள வேற ஓஎஸ் இன்ஸ்டால் பண்றதுதான். ரெண்டாவது, அந்த மெஷினுக்குள்ள சி கம்பைலர் போட்டு புரோகிராம் ஓட்டறது. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து நாம அதே ஸ்டெப்ஸைத்தான் செய்யறோம். ஆனா நம்ம லேப்டாப்ல இருக்கறது விண்டோஸ் 11.

இங்கதான் வித்தியாசம். விண்டோஸ் 11 புதுசா வர்ற பல லேப்டாப்கள்ல "மெமரி இன்டெக்ரிட்டி"ங்கற பாதுகாப்பு வசதி முன்னாடியே ஆன்ல இருக்கும். அது வேலை செய்ய மைக்ரோசாஃப்டோட ஹைப்பர்-வி அடியில ஓடணும். பிராசஸர்ல இருக்கற விர்ச்சுவலைசேஷன் வசதியை அது முதல்லயே பிடிச்சுக்கும். அதனால விர்ச்சுவல்பாக்ஸ் நேரா பிராசஸர்கிட்ட போக முடியாம, ஹைப்பர்-வி வழியா சுத்திப் போகுது. 2018 டிசம்பர்ல வந்த 6.0 வெர்ஷனுக்கு அப்புறம்தான் இப்படி சுத்திப் போகவாவது முடியுது. ஓடும், ஆனா மெதுவா ஓடும்.

இதுக்கு ஒரு அடையாளம் உண்டு. விர்ச்சுவல் மெஷின் ஓடும்போது விண்டோவோட கீழ் வலது மூலையில சின்னச் சின்ன ஐகான் வரிசையா இருக்கும். அதுல பச்சை நிறத்துல ஒரு ஆமை தெரிஞ்சா, நீங்க சுத்து வழியில போறீங்கன்னு அர்த்தம்.

முதல்ல எது மெதுன்னு கண்டுபிடிங்க

"ஸ்லோ"ன்னு ஒரே வார்த்தையில சொன்னாலும் உள்ள ரெண்டு வேற வேற வியாதி இருக்கு. பிரிச்சுப் பார்க்க ஒரு சுலபமான டெஸ்ட்: உபுண்டு ஓடும்போது வலது கன்ட்ரோல் கீயைப் பிடிச்சுக்கிட்டு எஃப்3 அழுத்துங்க. வெறும் கறுப்புத் திரை வரும். லாகின் பண்ணி ஏதாவது டைப் பண்ணுங்க.

அங்கேயும் எழுத்து தடுமாறி வந்தா பிராசஸர் பக்கம்தான் கோளாறு, ஆமையைத் தேடுங்க. அங்க சரளமா ஓடி, திரும்ப வலது கன்ட்ரோல் எஃப்2 அழுத்தி டெஸ்க்டாப்புக்கு வந்ததும் இழுத்தா, கோளாறு டிஸ்பிளேல.

டிஸ்பிளே ஏன் இழுக்குது?

ஒரு கணக்கு போடுங்க. 1920 × 1080 திரையில சுமார் 20.7 லட்சம் புள்ளி. ஒரு புள்ளிக்கு 4 பைட்னா ஒரு படத்துக்கு 83 லட்சம் பைட். செகண்டுக்கு 60 படம்னா கிட்டத்தட்ட 50 கோடி பைட். நிஜ லேப்டாப்ல இதை கிராஃபிக்ஸ் சிப் பார்த்துக்கும். விர்ச்சுவல் மெஷினுக்குள்ள அந்த சிப் தெரியாது. அதனால மொத்த வேலையும் பிராசஸர் தலையில விழுது. உபுண்டு செட்டிங்ஸ்ல அபவுட் பக்கத்துல கிராஃபிக்ஸுக்கு நேரா "எல்எல்விஎம்பைப்"னு இருந்தா, படம் வரையறது பிராசஸர்தான்.

மவுஸும் அப்படித்தான். உள்ள இருக்கற ஓஎஸ்ஸுக்கு தான் ஒரு பொய்யான மெஷின்ல இருக்கறதே தெரியாது. இல்லாத ஒரு மவுஸை நிஜம்னு நம்பி "இவ்வளவு நகர்ந்தது, இவ்வளவு நகர்ந்தது"ன்னு எண்ணிக்கிட்டு இருக்கும். "நீ விர்ச்சுவல் மெஷின்லதான் இருக்க"ன்னு அதுக்குச் சொல்ற டிரைவர்கள்தான் கெஸ்ட் அடிஷன்ஸ். மவுண்ட் - பூந்தமல்லி ரோட்டுல காலைல பஸ்ஸுல போறதுக்கும், அதே ரோட்டுக்கு மேல கட்டியிருக்கற மெட்ரோ பாலத்துல போறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. இடம் ஒண்ணுதான், சிக்னல் கிடையாது.

சரி பண்ற வரிசை

1. உபுண்டுக்குள்ள "பில்ட்-எசென்ஷியல்" பேக்கேஜும் லினக்ஸ் ஹெடர்ஸும் இன்ஸ்டால் பண்ணுங்க. இதுலயே சி கம்பைலரும் வந்துடும், ரெண்டாவது எக்ஸர்சைஸுக்கும் ஆச்சு. அப்புறம் டிவைசஸ் மெனுல "இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்" கொடுத்து, அந்த சிடியில இருக்கற லினக்ஸ் இன்ஸ்டாலரை ரன் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. கெர்னல் அப்டேட் ஆனதும் திரை மறுபடி சின்னதாச்சுன்னா இதையே இன்னொரு தடவை செய்யுங்க.

2. மெஷினை ஷட்டவுன் பண்ணிட்டு செட்டிங்ஸ்ல டிஸ்பிளே போங்க. வீடியோ மெமரி 128 எம்பி வைங்க. கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் லினக்ஸுக்கு விஎம்எஸ்விஜிஏ, உள்ள விண்டோஸ்னா விபாக்ஸ்எஸ்விஜிஏ. த்ரீடி ஆக்ஸிலரேஷனை டிக் பண்ணுங்க. கறுப்புத் திரை வந்தா டிக்கை எடுத்துடுங்க.

3. சிஸ்டம் பகுதியில பாயின்டிங் டிவைஸ் "யூஎஸ்பி டேப்லெட்"டா இருக்கட்டும். கர்சர் எங்க இருக்குன்னு நேரா இடத்தையே சொல்ற வகை இது. நாலு கோர் லேப்டாப்னா பிராசஸர் ரெண்டு போதும். எல்லாத்தையும் உள்ள கொடுத்துட்டா வெளிய இருக்கற விண்டோஸ் திணறும், அதோட சேர்ந்து உள்ள இருக்கறதும் திணறும். ரேமும் அப்படித்தான்: எட்டு ஜிபில நாலுக்கு மேல கொடுக்காதீங்க.

4. இன்னும் ஆமை இருந்தா விண்டோஸ் செக்யூரிட்டில டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் போய் மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் பண்ணுங்க. "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்"ல ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூணுலயும் டிக்கை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

நாலாவதுக்கு ஒரு விலை இருக்கு

மெமரி இன்டெக்ரிட்டி சும்மா வச்சதில்ல. கெட்ட டிரைவர்கள் கெர்னலுக்குள்ள நுழையாம தடுக்கற காவல் அது. ஊர்ல இருக்கற கிராக் சாஃப்ட்வேரை எல்லாம் போடற லேப்டாப்ல அதை ஆஃப் பண்ணி அப்படியே விட்டுடாதீங்க; லேப் முடிஞ்சதும் திரும்ப ஆன் பண்ணுங்க. புராஜெக்டுக்கு டபிள்யூஎஸ்எல் 2, டாக்கர் டெஸ்க்டாப் யூஸ் பண்றவங்க அந்த டிக்கை எடுத்தா அதுங்க ஓடாது.

அவங்களுக்கு வேற வழி இருக்கு. ஆமை இருந்துட்டுப் போகட்டும். உபுண்டுக்குப் பதிலா சுபுண்டு மாதிரி லேசான டெஸ்க்டாப் போடுங்க. இல்ல, டெஸ்க்டாப்பே இல்லாத உபுண்டு சர்வர் போட்டு, விண்டோஸ் டெர்மினல்லேர்ந்து எஸ்எஸ்எச்ல உள்ள போங்க. சி புரோகிராம் கம்பைல் ஆகறதுக்கு மவுஸும் வேணாம், வால்பேப்பரும் வேணாம். வரைய வேண்டிய 50 கோடி பைட்டே இல்லைன்னா இழுக்க என்ன இருக்கு?

இந்த நாலையும் செஞ்சு பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, ரேமுக்கு வச்சிருக்கற காசு கையிலயே இருக்கட்டும். எல்லாம் செஞ்சும் ரெண்டு ஓஎஸ்ஸுக்கும் சேர்த்து மெமரி பத்தலைன்னு டாஸ்க் மேனேஜரே காட்டினா, அப்ப வீட்ல தைரியமா கேளுங்க. எதுக்குன்னு அப்பா கேட்டா பதில் சொல்லவும் தெரியும்.