பொந்தைச் சுரண்டும் கை

அரேபியப் பாலைவனத்தில் முள்வால் பல்லியைப் பிடிக்கப் பழைய உபாயம் ஒன்று உண்டு. வேடன் அதன் பொந்து வாயில் கையை வைத்து மெல்லச் சுரண்டுவான். பாம்பு வந்துவிட்டதென்று எண்ணும் பல்லி, அதை அடிப்பதற்காக வாலை வெளியே நீட்டும். வாலைப் பற்றி இழுத்துவிடுவான். இந்தச் செயலுக்குப் பழைய அரபி அகராதிகள் தரும் சொல் 'ஹர்ஷ்'.

அரபிச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்கள் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. இடையில் வரும் உயிரோசையும் முன்னும் பின்னும் சேரும் ஒலிகளும் மாற மாறப் புதுச் சொற்கள் பிறக்கும். ஹ-ர்-ஷ் வேரிலிருந்து அப்படி வந்ததுதான் 'தஹ்ரீஷ்': கடாவையும் சேவலையும் உசுப்பி மோதவிடுவது. விலங்குகளை இப்படி மூட்டிவிடுவதை நபிகள் நாயகம் தடுத்ததாக அபூதாவூத், திர்மிதி ஆகியோரின் நபிமொழித் தொகுப்புகளில் ஒரு செய்தி உண்டு. இமாம் முஸ்லிமின் நபிமொழித் தொகுப்பிலோ இதே சொல் மனிதர்களிடம் வந்துவிடுகிறது; தொழுகையாளிகளுக்குள் ஷைத்தான் செய்யும் வேலையும் தஹ்ரீஷ்தான்.

இந்தத் தாவல் எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. மூட்டிவிடுபவன் தன் பலத்தை நம்புவதில்லை. எதிரிலிருப்பவரின் அச்சமே அவனுக்காக உழைக்கிறது. வெறுப்புப் பேச்சு வேலை செய்யும் விதத்தை அந்தப் பொந்து வாயிலேயே பார்த்துவிடலாம்.

ஹ-ர்-ஷ் வேருக்குப் பொருளில் உறவான வேர்கள் இன்னும் பல. 'ஹம்ஸ்' என்றால் குத்தி அழுத்துவது. குதிரைவீரனின் குதிமுள்ளுக்கு 'மிஹ்மாஸ்' என்று பெயர். ஷைத்தானின் தூண்டுதல்களைக் குர்ஆன் இவ்வேரால்தான் குறிக்கிறது. 'அக்ரா' என்பது நாயை வேட்டைமேல் ஏவுவது. பசையைக் குறிக்கும் 'கிரா' அதே வேரைச் சேர்ந்தது. ஏவப்பட்ட நாய் இரையை விடாமல் ஒட்டிக்கொள்கிறது அல்லவா! அதே வேரின் 'இக்ரா' என்றால் இன்று ஆசைகாட்டுதல்.

என் மனத்தை உறுத்தும் சொல் 'நக்ஸ்'. கால்நடையைத் தார்க்குச்சியால் குத்தி விரட்டுவது அதன் பொருள். அதிலிருந்து வந்த 'நக்காஸ்' முதலில் கால்நடை வியாபாரி. பிறகு அடிமை வியாபாரிக்கும் அதுவே பெயரானது. மனிதரையும் மந்தையாக விற்ற காலத்தின் சாட்சி அது.

ஹ-ர்-ஷ் வேர் இன்னும் துளிர்த்தபடியே இருக்கிறது. பாலியல் சீண்டலுக்கு இன்றைய அரபியில் வழங்கும் சொல் 'தஹர்ருஷ்'. எகிப்து 2014 ஜூனில் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, அந்தப் பெயரிலேயே அதைக் குற்றமாக்கியது.