வீரரா, வாகனமா?

மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் வெற்றிக்கு உரியவர் வீரரா, அவர் ஓட்டும் வாகனமா என்ற கேள்வி பழையது. அதற்கு விடை தேடுவோர், இத்தாலிய வீரர் வலன்டினோ ரொஸி 2003ஆம் ஆண்டின் இறுதியில் எடுத்த முடிவை நோக்க வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

ஹொண்டாவில் 2001 முதல் 2003 வரை தொடர்ந்து மூன்று தடவைகள் உயர்பிரிவுச் சம்பியனான அவர், 1992க்குப் பின்னர் அப்பட்டத்தையே கண்டிராத யமஹாவுக்கு மாறினார். பழைய ஒப்பந்தம் ஆண்டிறுதி வரை தடுத்தமையால், 2004 ஜனவரியிலேயே புதிய வாகனத்தை ஓட்டிப்பார்க்க முடிந்தது. ஆயினும், ஏப்ரலில் தென்னாபிரிக்காவின் வெல்கொமில் நடைபெற்ற முதற் பந்தயத்திலேயே வென்ற அவர், 16 பந்தயங்களில் 9ஐ வென்று பட்டத்தையும் சூடினார்.

அதற்காக வீரரே யாவும் என முடிவுசெய்துவிட முடியாது. நெடுநாள் தலைமைத் தொழில்நுட்பவியலாளரான ஜெரமி பேர்ஜஸும் அவருடன் இடம்மாறினார். மசாவோ புருசாவா தலைமையிலான யமஹாப் பொறியியலாளர்களோ, சிலிண்டர்களில் எரிபொருள் எரியும் இடைவெளிகளை மாற்றி, பின்சில்லின் பிடிப்பை ஓட்டுபவர் நன்கு உணரத்தக்க இயந்திரத்தை உருவாக்கியிருந்தனர்.

2011இல் பேர்ஜஸுடனேயே டுகாட்டிக்குச் சென்ற ரொஸி, இரண்டு பருவகாலங்களில் ஒரு பந்தயத்தையேனும் வெல்லவில்லை என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. திறமை அதேதான்; வாகனம் மட்டுமே வேறு.

வெற்றிமேடையில் ஒருவரே நிற்கின்றார். பட்டறையில் எண்ணெய்க் கறையுடன் நிற்போருக்கும் அவ்வெற்றியில் பங்குண்டு என்பதை நாம் மறத்தலாகாது.